சவரியம்மாளின் கூடையில் முத்தல் இலை

இலங்கையில், எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், இருபத்திரண்டு வயதுச் சவரியம்மாளைப் போலச் சுத்தமாகக் கொழுந்து பறிக்க ஆளே கிடையாது. அப்படிப்பட்டவளின் கூடையில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம், திடீரென்று கழிக்க வேண்டிய முத்தல் இலை! எல்லாம் செபஸ்தியன் கொழுந்து பறிப்பவர்களை மேற்பார்க்கும் சில்லறைக் கங்காணியாக வந்த பிறகுதான். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவன் அவளுடைய கூடையைத் தரையில் விரித்த சாக்குப் படங்கில் கவிழ்த்து, குந்தியிருந்து, முத்தலை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். அவள் எதிரே நின்று அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் இதே கூத்து.

நாலாம் நாள் அவன் நிமிராமலே கேட்டான்:

"கள்ளத்தனம் பண்றவ முத்தல அடியில ஒளிப்பா. நீ மேலயே வைக்கிறியே, ஏன் புள்ள?"

சவரியம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"மேலதான் இருக்குன்னு தெரியுதுல்ல? அப்புறம் எதுக்கு தினமும் அடிவரைக்கும் கொட்டித் தேடுறீங்க?"