பதினோராவது ட்ரேயின் வாடிக்கையாளர்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவளுக்கு ஒன்பது வருடப் பழக்கம். வாங்க வந்தவர் பிடித்த ஃபிரேமைச் சொல்லிவிட்டுக் கிளம்பியதும், அதுவும் லென்ஸும் வேலைச் சீட்டும் ஒரு சின்ன பிளாஸ்டிக் ட்ரேயில் அவள் மேசைக்கு வரும். லென்ஸைக் கருவியில் வைத்துப் பவரைச் சரிபார்ப்பாள். நடுப்புள்ளியைக் குறிப்பாள். ஃபிரேமின் வடிவத்துக்கு லென்ஸைத் தேய்த்து, மாட்டி, திருகை முடுக்கி, துடைத்து வைப்பாள். ஒரு நாளைக்கு இருபது ட்ரே, சில நாள் முப்பது. அவள் மாட்டிய கண்ணாடி ஆடுகிறது என்று திரும்பி வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அப்பேர்ப்பட்டவள் படிப்பு என்று வந்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுவாள்.

கடையின் முன்னறையில் உட்கார்ந்து தானே கண் பரிசோதிக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அதற்கான பட்டயப் படிப்பில் தபால் வழியாகச் சேர்ந்திருந்தாள். ஐந்து பாடம், ஐந்து புத்தகம். ஐந்துக்கும் அழகாக அட்டை போட்டாள். நான்கு நிறப் பேனாவால் கால அட்டவணை எழுதிப் படுக்கையறைச் சுவரில் ஒட்டினாள். ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் அலமாரியின் தூசி கண்ணை உறுத்தும். அதைத் துடைத்துவிட்டு வந்தால் சமையல் மேடை கூப்பிடும். ஒரு தடவை பழைய பல் பிரஷ்ஷை வைத்துக் குளியலறைக் குழாய் இடுக்கு முழுவதும் தேய்த்து முடித்தாள். அன்றைக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம்கூடப் புரளவில்லை.

"அண்ணிக்குப் பரீட்சை வந்தா நம்ம வீட்டுக்குத்தான் நூத்துக்கு நூறு" என்பாள் நாத்தனார். கல்லூரியில் படிக்கிறவள், அண்ணன் வீட்டிலேயே தங்கியிருந்தாள். அவள் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். இவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும். சோம்பேறித்தனம் இல்லை என்பது அவளுக்கே தெரியும். பள்ளிக்கூடத்தை விட்டுப் பதினாலு வருடம் ஆகியிருந்தது. புத்தகத்தைத் திறந்தால் தான் மக்கு என்பது உறுதியாகிவிடுமோ என்ற பயம். திறக்காத வரைக்கும் அது சந்தேகமாகவே இருந்துவிட்டுப் போகுமே.

பரீட்சை ஐந்து நாள் நடந்தது. முதல் நாள் காலை புறப்பட்டுப் போனாள். மண்டபத்தின் வாசல் வரைக்கும் கால் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு சிமென்ட் பெஞ்சு இருந்தது. அதில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, "பரவாயில்லாம எழுதினேன்" என்று வீட்டில் வந்து சொன்னாள். ஒரு பொய் சொன்ன பிறகு மறுநாள் உண்மைக்குத் திரும்புவது இன்னும் கஷ்டமாகிவிட்டது. ஐந்து நாளும் அதே பெஞ்சு.

ஐந்தாம் நாள் சாயங்காலம், "பரீட்சை முடிஞ்சாச்சு, எல்லாரும் ஐஸ்கிரீம் சாப்பிடப் போறோம்" என்று நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். அப்போதுதான் இவளுக்குத் தாங்கவில்லை.

"நான் எழுதலை. ஒரு தாளும் எழுதலை. உள்ளேயே போகலை."

அவள் கணவன் பேருந்து ஓட்டுநர். காக்கிச் சட்டையின் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். "தெரியும்."

"எப்படி?"

"அந்த பெஞ்சு வழியாத்தானே என் வண்டி போகுது. முதல் நாளே பார்த்துட்டேன். ரெண்டு ட்ரிப் அடிச்சேன், ரெண்டு தடவையும் அங்கேயே இருந்தே."

"பார்த்துட்டு ஏன் கேட்கலை?"

"கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லணும். அது எதுக்குன்னு விட்டுட்டேன்."

தனக்கு அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. தோளில் இருந்து மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. கணவன் சட்டையை மாட்டியில் தொங்கவிட்டான். "படிப்பு வேணாம்னா விட்டுடு, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம். வேணும்னா அடுத்த தடவை எழுது. ஆனா எதுன்னு நீதான் சொல்லணும்."

"வேணும்" என்றாள். யோசிக்காமலேயே வாயில் வந்துவிட்டது.

"அப்போ ஐஸ்கிரீம்?" என்றாள் வாசலில் இருந்தவள்.

"அதுவும் வேணும்."

மறுநாள் கடையில் ட்ரேக்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஏழாவதை முடித்து எட்டாவதை இழுக்கும்போது கை நின்றது. ஒன்பது வருடத்தில் ஒரு ட்ரேயையாவது நாளைக்கு என்று தள்ளியிருக்கிறோமா என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. ஒரு ட்ரேயில் ஒரே ஆளுடைய கண்ணாடிதான் இருக்கும். எத்தனை மணிக்கு வேண்டும் என்று எழுதியிருக்கும். அந்த நேரத்துக்கு ஒருவர் வந்து கையை நீட்டுவார். வீட்டிலோ ஐந்து புத்தகத்தையும் ஒரே நேரத்தில் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, யாரும் கேட்டு வராத வேலைக்கு நான்கு நிறத்தில் அட்டவணை போட்டிருந்தாள்.

கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் போனாள். வேலைச் சீட்டு எழுதுகிறவள் அவள்தான். வயதில் சின்னவள், வாயில் பெரியவள். "ஒரு காலி ட்ரே கொடு. சீட்டு ஒண்ணு எழுது."

"யாரு பேருக்கு?"

"என் பேருக்கு."

"உங்க கண்ணுக்கு என்னாச்சுக்கா?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. வேலைங்கற இடத்துல, முதல் புத்தகம், மூணு பக்கம்னு எழுது. டெலிவரி ஒன்றரை மணி. சாப்பிடும்போது உன்கிட்ட சொல்லிக் காட்டணும். உனக்குப் புரிஞ்சாத்தான் டெலிவரி."

அந்தப் பெண் சிரிக்காமல் எழுதினாள். அன்றைய கணக்கில் அது பதினோராவது ட்ரே.

அடுத்த நாளில் இருந்து கடை திறப்பதற்கு அரை மணி முன்னால் வந்தாள். சாவி அவளிடம்தான் இருந்தது. ட்ரேயில் புத்தகம் காத்துக்கொண்டிருக்கும். இரண்டாம் நாளே தேய்க்கும் இயந்திரத்தின் தண்ணீர்த் தொட்டி அழுக்காக இருப்பதாகத் தோன்றி, துணியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். பாதி வழியில் தன்னைத் தானே பிடித்துக்கொண்டாள். தொட்டிக்கு யாரும் சீட்டு எழுதவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

முதல் வாரம் சொல்லிக் காட்டியது எதுவும் எடுபடவில்லை. "புரியலக்கா, திரும்பச் சொல்லுங்க" என்று கவுன்ட்டர் பெண் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வாள். திரும்பச் சொல்லும்போதுதான் தனக்கே புரியாத இடம் எது என்று தெரியும். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்வாள்.

இரண்டாம் மாதம் அவள் மிகவும் பயந்துகொண்டிருந்த பாடம் வந்தது. உருளை லென்ஸ், சரியான கோணத்துக்குத் திருப்பி மாட்ட வேண்டிய வகை. புத்தகத்தில் அம்புக்குறிகளும் கோணங்களுமாகப் பார்த்தாலே மண்டை காய்ந்தது. எதற்கும் பார்ப்போம் என்று, மேசையில் கிடந்த அந்த வகை லென்ஸ் ஒன்றை எடுத்து, அதன் வழியாகக் கதவின் விளிம்பைப் பார்த்தபடி மெதுவாகத் திருப்பினாள். நேராக இருந்த விளிம்பு லென்ஸுக்குள் மட்டும் முறிந்து சாய்ந்தது. இன்னும் திருப்பினால் திரும்ப நேரானது. இதைத்தானே ஒன்பது வருடமாகத் தினமும் செய்கிறோம். பெயர் தெரியாமல் கை செய்துகொண்டிருந்த காரியத்துக்குத்தான் புத்தகம் இத்தனை அம்பு போட்டிருந்தது. அன்றைக்கு மூன்று பக்கத்துக்கு உட்கார்ந்தவள் ஏழு பக்கம் படித்துவிட்டாள்.

"சீட்டுல மூணுதான் எழுதியிருக்கேன். மிச்சத்துக்கு நான் பொறுப்பில்ல" என்றாள் கவுன்ட்டர் பெண். ஆனால் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கதவை நோக்கிப் பிடித்து அவளும் திருப்பிப் பார்த்தாள்.

இன்னொரு பழக்கம் தற்செயலாக வந்தது. ஒருநாள் காலை புத்தகத்தில் இருந்த ஒரு கணக்கின் பாதியில் யாரோ கதவைத் தட்டிவிட்டார்கள், அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். மறுநாள் காலை உட்கார்ந்ததும் எங்கே ஆரம்பிப்பது என்ற தடுமாற்றமே இல்லை. பாதிக் கணக்கு பேனாவைத் தானே இழுத்தது. அதன் பிறகு வேண்டுமென்றே கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு எழ ஆரம்பித்தாள்.

எல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோது நாத்தனாருக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை. எட்டு நாள் மருத்துவமனையே கதி. திரும்பிக் கடைக்கு வந்தால் எட்டுச் சீட்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தது. அன்று மாலை போகிற வழியில் புதிதாக ஒரு நோட்டும் நிறப் பேனாக்களும் வாங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்து அட்டவணைக்குக் கோடு போட ஆரம்பித்த பிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்பது உறைத்தது. சிரிப்பு வந்தது. பேனாக்களை, கட்டிலில் படுத்திருந்த நாத்தனாரிடம் கொடுத்தாள். "உனக்குத்தான். படம் போட்டுக்கோ."

மறுநாள் காலை எட்டுச் சீட்டில் மேலே இருந்த ஒன்றை மட்டும் எடுத்தாள். மற்ற ஏழையும் வரிசையின் கடைசியில் வைக்கச் சொன்னாள்.

"எப்ப முடிப்பீங்க அதெல்லாம்?"

"வரும்போது வரும். இன்னைக்கு ஒண்ணு."

இந்தத் தடவை பரீட்சை மண்டபத்து வாசலில் நடை கொஞ்சம் தளர்ந்தது, ஆனால் நிற்கவில்லை. நான்கு தாளில் தேறினாள். கண்ணின் உடற்கூறு பற்றிய தாளில் மட்டும் ஆறு மதிப்பெண் குறைந்துவிட்டது. முன்பென்றால் அதை ஒரு வருடம் மூடி வைத்திருப்பாள். இப்போது செய்தி வந்த கையோடு கணவனுக்குப் போன் போட்டாள்.

"நாலு பாஸ், ஒண்ணு போச்சு."

"எது?"

"உடற்கூறு. படம் வரையறதுல கோட்டை விட்டுட்டேன். நாளைக் காலையில இருந்து அதைத்தான் பார்க்கணும்."

"சரி, வண்டி எடுக்கணும், சாயங்காலம் பேசலாம்" என்றான். அவன் குரலில் சந்தோஷம் இருந்தது அவளுக்குக் கேட்டது.

ஆறு மாதம் கழித்து அந்தத் தாளிலும் தேறிவிட்டாள். இப்போது காலை வேளையில் முன்னறை அவளுடையது. முதல் நாள் முதல் ஆளாக வந்தவர் ஒரு தையல்காரர், ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்று வந்திருந்தார். அவள் லென்ஸை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி, "இது தெளிவா, முன்னே இருந்தது தெளிவா?" என்று பதறாமல் கேட்டாள். நான்காவது மாற்றத்தில் அவர், கையில் கொடுத்திருந்த அட்டையின் கடைசி வரியை, எழுத்து எழுத்தாக, ஒரு தப்பும் இல்லாமல் வாசித்து முடித்தார். அவள் பவரைச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வெளியே இருந்த அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.