பங்குனியில் ஒட்டும் பட்டியல்

பனைமூட்டில் நின்று, ஒரு கையை இடுப்பில் ஊன்றி, அண்ணாந்து கத்துகிறாள் நேசம்மாள். "ஏலே ராஜையா! வோட்டர் பட்டியல்ல ஒன்னப் பொம்பளன்னு எழுதியிருக்கானுவ, கேட்டியா?"

மேலே பாளை சீவிக்கொண்டிருக்கும் ராஜையன், "அப்பம் எனக்கொரு மாப்பிள பாரும் மைனி" என்கிறான்.

"ஒன்ன எவன்லே கெட்டுவான்? எறங்கி வா, திருத்துக்கு எழுதணும்." அடுத்த பனைக்கு நடக்கிறாள்.

நேசம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். குழித்துறைக்குத் தெற்கே எங்கள் பனைவிளையில் அக்கானி என்கிற பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுகிறவள். புருஷன் பனையிலிருந்து விழுந்து செத்து எட்டு வருஷம். அவன் விட்டுப்போன நாற்பது செண்டு நிலத்துக்கு இப்போது அவள்தான் சர்க்காருக்குக் கரம் கட்டுகிறாள். களியக்காவிளைச் சந்தைக்குப் போய்வந்தே மலையாள எழுத்தைப் பிடித்துக்கொண்டாள். கச்சேரி என்கிற சர்க்கார் ஆபீசில் காகிதமெல்லாம் அந்த எழுத்தில்தான்; எங்கள் ஆட்களில் அதை வாசிக்கிறவர்கள் அவளும் வேதக்கோவில் உபதேசியாரும்தான். உபதேசியார் கச்சேரிப் பக்கம் போகமாட்டார். பயம்.

சின்னக் கரம் கட்டுகிறவனுக்கும் வோட்டு உண்டு என்று சர்க்கார் சொன்ன நாள் முதல், கரம் வாங்கும் பகுதிக் கச்சேரியின் வெளிச்சுவரில் பட்டியல் ஒட்டுகிறார்கள். பதினைந்து நாள் கெடு. அதற்குள் பார்த்துத் தப்பைச் சொல்லவேண்டும். தவறினால் அடுத்த வருஷம்தான். நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பதினைந்து நாளும் பங்குனியில்தான் வருகிறது. பங்குனியில்தான் பாளை பொங்கி ஊறும். ஒரு நேரம் சீவாவிட்டால் ஊறல் குறையும், ஒரு நாள் விட்டால் பாளையே அடைத்துப்போகும். நாங்கள் பனையில் இருக்கும்போது பட்டியல் சுவரில் இருக்கும். நாங்கள் இறங்கும்போது அது பெட்டிக்குள் போயிருக்கும்.

"தெரியாமலா ஒட்டுறானுவ? ஐப்பசி மழையில நீங்க சும்மாத்தானே கெடக்கிய. அப்பம் ஒட்டினா கச்சேரி இடிஞ்சா விழும்?" என்பாள். ஐப்பசிக்கு மாற்றச் சொல்லி மூன்று மனு போட்டாள். பதில் இல்லை. நாலாவதும் எழுதி வைத்திருக்கிறாள்.

பட்டியலை நகலெடுக்க விடமாட்டார்கள். அதனால் ஒரு நடைக்கு முப்பது பேரை மனப்பாடம் செய்வாள். மறந்துவிடாமலிருக்க, கோவில் கீர்த்தனை ராகத்தில் அந்தப் பேர்களைப் பாடிக்கொண்டே இரண்டு மைல் நடப்பாள். உபதேசியார் ஒருநாள் மறித்தார். "கர்த்தருக்குப் பாடுற ராகமாக்கும் நேசம்மா."

"கர்த்தருக்க பட்டியல்ல இவனுவ பேரு இருக்கும் ஐயா. கச்சேரியிலதான் இல்ல."

பாகு காய்ச்சும் தாச்சியின் அடிக்கரிதான் அவளுக்கு மை. இறங்கி வருகிறவனின் பெருவிரலைப் பிடித்துக் கரியில் தேய்த்து மனுவில் அழுத்துவாள். காகிதமெல்லாம் கருப்பட்டிப் பிசுக்கு. "ஒங்க மனுவோட எறும்புமுல்லா வருது" என்று குமாஸ்தா கோலப்பன் எரிந்து விழுவார். "அதுக்கும் சேத்து வோட்டு கேக்கல்ல பிள்ளைவாள்" என்பாள்.

இந்த வருஷம் விட்டுப்போனதும் தப்பானதுமாகப் பதினொரு பேர். பத்துப் பேர் பனையேறிகள். பதினொன்றாவது அவளே; செத்த புருஷன் பேர் இருந்தது, அவள் பேர் இல்லை. கெடுவின் கடைசி நாள் மத்தியானம் மனுக்களைக் கொண்டுபோனாள். கோலப்பன் கையால் தொடவில்லை. "ஆளு நேர்ல வரணும். அஞ்சு மணிக்குக் கதவடச்சிருவேன்" என்றார்.

அவள் விளைக்குத் திரும்பியபோது நாங்கள் மாலைச் சீவலுக்கு ஏறப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். "இண்ணைக்கு ஏறாதீங்க. எல்லாரும் கச்சேரிக்கு வாங்க" என்றாள். ஒருத்தனும் அசையவில்லை. நான்தான் வாயைத் திறந்தேன். "வோட்ட அவிச்சா திங்க முடியும்? ஊறல் போனா எனக்க பிள்ளையளுக்கு நீயா சோறு போடுவா?"

அவள் நேரே தன் அடுப்புக்குப் போனாள். மகள் பூங்கனி துழாவிக்கொண்டிருந்தாள்; இரண்டு நாள் அக்கானி, பாதிப் பாகாகிக் கொதித்துக்கொண்டிருந்தது. நேசம்மாள் பக்கத்திலிருந்த குடத்துத் தண்ணீரைத் தூக்கி அடுப்பில் கவிழ்த்தாள். பூங்கனி "அம்மோ!" என்று அலறினாள். புகை கிளம்பி, சாம்பல் தாச்சிக்குள் விழுந்தது. அந்தப் பாகு இனி கருப்பட்டிக்கு ஆகாது.

"எனக்க ரெண்டு நாளு போச்சு. ஒங்களுக்குப் போறது ஒரு நேரம். வாறியளா, இல்ல சாவுறது வரைக்கும் நான் கீழ நிண்ணு கத்தணுமா?"

ராஜையன்தான் முதலில் ஏறாமல் ஏறுதடியைப் பனையில் சாய்த்து வைத்துவிட்டு அவள் பக்கம் வந்தான். பிறகு ஒவ்வொருத்தனாக வைத்தோம். நானும் வைத்தேன். இடுப்பில் அரிவாள் பெட்டியோடேயே நடந்தோம்.

கோலப்பன் சாவியும் கையுமாக வாசலில் நின்றார். "மணி அஞ்சாச்சு. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். அவர் தோளுக்குப் பின்னால் சுவர்க் கடிகாரத்தில் அஞ்சுக்கு இன்னும் ஏழு நிமிஷம் இருந்தது. முற்றத்தில் நின்ற எங்களுக்கே தெரிந்தது. ஆனால் அந்தப் படியில் எங்கள் ஆட்கள் யாரும் ஏறினதில்லை. கரம் கட்டினாலும் முற்றத்தில் நின்று கையை நீட்டித்தான். பத்து ஆண்பிள்ளைகளும் அப்படியே நின்றோம்.

நேசம்மாள் ஏறினாள். கதவு வந்து சேரும் வாசற்படியில் உட்கார்ந்தாள். இரண்டு காலையும் குறுக்கே நீட்டினாள்.

"என்னத் தாண்டிப் போங்கலே. குத்தமில்ல" என்றாள் எங்களைப் பார்த்து.

கோலப்பன் கதவைப் பிடித்து இழுத்தார். அவள் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, காலை இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.