வெட்டிய குழலும் முந்நூறு மீற்றர் கோடும்

ஜேர்மனியில் பீலெஃபெல்டுக்கு வெளியே, கைவிடப்பட்ட கல்லுடைப்புக் குழி ஒன்றில் வேட்டைக்காரர்கள் சுட்டுப் பழகும் இடம் இருந்தது. தொண்ணூற்று நாலோ ஐந்தோ, அங்கே வேலை செய்தேன். குறிப்பலகை சுமப்பது, அதில் குறித்தாள் ஒட்டுவது, சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் கோதுகளைப் பொறுக்குவது என் வேலை. அகதி விண்ணப்பம் இழுபட்டுக்கொண்டிருந்தது. வேலை அனுமதி அந்த ஒரு வேலைக்கு மட்டுமே தந்திருந்தார்கள். அது போனால் அனுமதியும் போகும்.

வாசலில் இருந்த சிறு கடையில் சொசேஜ் பொரித்தவர் மன்னார்க்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணை என்று கூப்பிடுவேன்.

முந்நூறு மீற்றர் பலகை நின்ற இடத்தில் மழைத்தண்ணீர் தேங்கியதால், அதைப் பக்கத்து மேட்டுக்கு மாற்றும்படி பொறுப்பாளர் சொன்னார். ஐம்பது மீற்றர் நீளத் துணி அளவுநாடாவை ஆறு தரம் பிடித்து, தனியாகவே கம்பங்களை நட்டேன்.

அடுத்த சனிக்கிழமை காலை, கூரை வேயும் தொழில் செய்யும் வேட்டைக்காரர் ஒருவர் வந்தார். நூறு மீற்றரில் மூன்று வெடி, மூன்றும் நடுவில். பிறகு முந்நூறு. மூன்றும் நாலு விரல் கீழே.

“பலகை தள்ளி நிற்கிறது. யார் நட்டது?” என்றார்.

பொறுப்பாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “பிழையாக நட்டிருந்தால் திங்கட்கிழமை வரவேண்டாம்.”

வெடியை நிறுத்தச் சிவப்புக் கொடியை ஏற்றிவிட்டு அளக்கப் போனேன். நாடாவின் மற்ற முனையைப் பிடிக்க அண்ணை கடையை விட்டு வந்தார்.

“டேய், அண்டைக்கு ஆறு தரம் பிடிச்சனியோ, ஏழோ?”

“ஆறு, அண்ணை.”

“வடிவாத் தெரியுமோ?”

“ஓம். ஆறு எண்டுதான் நினைக்கிறன்.”

“நினைக்கிறியோ! எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டவனிட்ட நாடாவைக் குடுத்தது அந்தப் பொறுப்பாளன்ர பிழை. இழுத்துப் பிடி. அங்க எனக்கு சொசேஜ் கருகுது.”

ஆறு தரம்தான். முந்நூறு மீற்றருக்கு ஒரு சாண் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கூரைக்காரர் ஏற்கவில்லை. தன் துவக்கின் மேல் பூட்டியிருந்த தொலைநோக்கிக்குள் என்னையே பார்க்கச் சொன்னார். துவக்கின் முன்பக்கத்தை ஊரில் எத்தனையோ முறை பார்த்தவன் நான். பின்பக்கம் நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை. வட்டத்தின் நடுவில் சிலுவைக் கோடு. அதற்குக் கீழே ஏணிப்படி போலச் சின்னக் கோடுகள். சன்னம் தூரம் போகப் போகத் தாழும். அது எவ்வளவு தாழும் என்று கணக்கிட்டு இருநூறுக்கு ஒரு கோடும் முந்நூறுக்கு ஒரு கோடும் போட்டிருந்தார்கள். தூரத்துக்கு உரிய கோட்டைக் குறியில் வைத்தால் போதும்.

“இந்தத் தோட்டாவுக்கென்றே தொழிற்சாலையில் போட்ட கோடு” என்றார்.

கண்ணை எடுத்தபோது குழலின் நுனி தெரிந்தது. மற்ற இடமெல்லாம் தேய்ந்து சாம்பல் பூத்திருக்க, நுனியில் மட்டும் கறுப்பு புதிதாக இருந்தது. கேட்டேன். வேட்டைப் பரணில் ஏறும்போது துவக்கு கைநழுவி விழுந்து, நுனி கல்லில் நசுங்கியதாம். திருத்துபவர் பதினைந்து சென்ரிமீற்றர் வெட்டிவிட்டாராம்.

“அப்படியென்றால் கோடு எந்த நீளக் குழலுக்குப் போட்டது?” என்றேன்.

எனக்கு வேலை பற்றிய பயம் ஒரு பக்கம் இருந்தாலும், இதை அறியாமல் விடமுடியாது என்று தோன்றியது. குழலுக்குள் இருக்கும்வரைதான் வெடிமருந்து சன்னத்தைத் தள்ளும். குழல் குட்டையானால் தள்ளும் நேரமும் குறையும். சன்னம் வேகம் குறைந்து முன்னதாகவே தாழும். வெட்டிய பிறகு நூறு மீற்றருக்கு அவர் சரிபார்த்துவிட்டதால் அங்கே ஒன்றும் தெரியவில்லை. கோட்டை நகர்த்த முடியாது. அது எந்தத் தூரத்துக்குச் சரி என்று பார்க்கப் பலகையை நகர்த்தலாம்.

வெடி நின்று துவக்கு மேசையில் வைக்கப்பட்டதும் போய்ப் பலகையைப் பத்து மீற்றர் கிட்டக் கொண்டுவந்தேன்; கூரைக்காரர் அதே முந்நூறு கோட்டை வைத்துச் சுட்டார். இருநூற்றுத் தொண்ணூறு. அப்போதும் கீழேதான். இருநூற்றெண்பது. ஒரு விரல் கீழே. அண்ணை கடை யன்னலால் கத்தினார்: “எல்லா இடத்திலயும் வெடிதான் குறியைத் தேடிப் போகும். இவன் குறியை வெடியிட்டக் கூட்டிக்கொண்டு வாறான்!”

என்ன சொல்கிறார் என்று பொறுப்பாளர் கேட்டார். சொசேஜ் தயாராம் என்றேன்.

இருநூற்றெழுபத்தைந்தில் மூன்றும் நடுவில் விழுந்தன. நான் சிரித்தேன். கூரைக்காரரும் சிரித்தார்.

“நான் சொன்னதுதானே! பலகை இருபத்தைந்து மீற்றர் தள்ளி நின்றிருக்கிறது. உங்கள் நாடா பழசு, இழுபட்டு நீண்டிருக்கும்.”

இந்தப் பக்கத்தை நான் யோசிக்கவே இல்லை. என் வேலைக்கு எதிரான சாட்சியை நானே தோளில் சுமந்து வந்திருந்தேன். பொறுப்பாளர் தாடையைத் தடவினார்.

“உங்களிடமும் இதே தொலைநோக்கி இருக்கிறதல்லவா?” என்று பொறுப்பாளரைக் கேட்டேன். “அதே தோட்டா. வெட்டாத குழல்.”

அவர் உள்ளே போய்த் தன் துவக்கை எடுத்து வருவதற்குள், பலகையைத் திரும்ப மேட்டுக்குக் கொண்டுபோனேன். அந்த முந்நூறு மீற்றரும் நீளமாக இருந்தது. அவர் முந்நூறு கோட்டை வைத்து, அவசரப்படாமல் மூன்று வெடி வைத்தார். தாளைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தேன். மூன்று ஓட்டைகளும் நடு வட்டத்துக்குள் இருந்தன.

கூரைக்காரர் தாளை வாங்கி, வெயிலுக்கு எதிரே பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, இருநூறு கோட்டையும் பார்த்துத் தரமுடியுமா என்று என்னைக் கேட்டார். அது நூற்றெண்பத்தைந்து மீற்றருக்குத்தான் சரியாக இருந்தது. இரண்டு எண்களையும் ஒரு துண்டில் எழுதி, தொலைநோக்கி மூடியின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொடுத்தேன்.

பொறுப்பாளர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. “திங்கட்கிழமை ஏழு மணி” என்றார்.

இரண்டு கிழமை கழித்து, அதே ரகத் துவக்கை அதே அளவு வெட்டிய இன்னொருவர் என்னைத் தேடி வந்தார். அவருக்கு முந்நூறு கோடு இருநூற்றெண்பத்திரண்டில் நின்றது. ஏன் ஏழு மீற்றர் வித்தியாசம் என்று பொறுப்பாளரைக் கேட்டேன். தெரியாது என்றார். அதை அளந்து அறியும் ஆசையில், எந்த வேலையிலும் நிலைத்து நிற்காத நான் அந்தக் குழியில் இன்னொரு மாரிகாலமும் இருந்தேன்.