வெள்ளி வயிறு

அம்மாவுக்குக் குடலில் புற்றுநோய் என்று யாழ்ப்பாணத்தில் வெட்டி எடுத்தபோது, அவர் நயினாதீவு அம்மனுக்கு வெள்ளியில் ஒரு வயிறு வாங்கிக் கொடுத்தார். நோய்ப்பட்ட உறுப்பை வெள்ளித் தகட்டில் வாங்கிக் கோயிலில் வைப்பது எங்கள் பக்கத்து நேர்த்தி. எங்கள் ஊரான இறுப்பிட்டியிலிருந்து குறிகட்டுவான் துறைக்குப் போய் லோஞ்ச் படகில் ஏறினால் கோயில் வாசல்தான்.

கொஞ்சக் காலத்தில் நோய் திரும்பியது. இரத்தச் சோதனையில் இருக்கிறது என்று தெரிந்தது. எங்கே என்று தெரியவில்லை. அம்மாவிடம் அதற்கு ஒரு விளக்கம் இருந்தது.

"நான்தான் பிழை விட்டனான். வருத்தம் வந்தது குடலில. நான் வயிறெல்லே குடுத்தனான்? அம்மாளாச்சி பாவம், என்னெண்டு கண்டுபிடிப்பா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

எண்பத்தொன்பதில் லண்டனில் இருந்த அண்ணா அம்மாவையும் தங்கையான என்னையும் கூப்பிட்டார். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் புது முறை ஒன்றைப் பரீட்சித்துக்கொண்டிருந்தார்கள். புற்றுநோயைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு புரதம். அதோடு கதிர்வீசும் அயடீனைச் சேர்த்து ஊசியில் ஏற்றுவார்கள். சில நாள் கழித்து ஒரு கமரா உடம்பின் மேலாக மெல்ல நகரும். மருந்து போய்ச் சேர்ந்த இடம் திரையில் புள்ளியாகத் தெரியும். கத்தி வைக்கத் தேவையில்லை. அண்ணா சொல்லச் சொல்ல அம்மா தலையாட்டினார்.

"விளங்குது தம்பி. துலைஞ்ச மாட்டைத் தேடப் போறவன்ர கையில லாம்பைக் குடுத்து விடுகினம்."



ஒரு புள்ளியென்றால் வெட்டி எடுக்கலாம், பல என்றால் முடியாது என்று டொக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அம்மா வேண்டியதும் அதுதான். ஒரே இடம், சரியான இடம். அதை வெள்ளியில் கொடுத்துவிடலாம்.

படம் எடுத்த அன்று திரையைப் பார்த்தேன். ஈரல், நெஞ்சு, முதுகு என்று எங்கும் புள்ளிகள். அம்மா படுத்திருந்த இடத்துக்குத் திரை தெரியாது என்று நினைத்தேன்.

"ஈரலில மட்டுந்தானாம் அம்மா. மருந்தில மாறுமாம்" என்றேன்.

அண்ணா கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். எனக்கு அழவும் இடம் கிடைக்கவில்லை.

ஊருக்கு வந்த கையோடு "கோயிலுக்குப் போவம்" என்றார் அம்மா. லோஞ்சில் நோவு தாங்காமல் என் மடியில் சாய்ந்தபடி வந்தார். உடம்பு அவ்வளவு இலேசாக இருந்தது. கோயில் வாசல் கடையில் நான் ஈரல் கேட்டேன். கடைக்காரர் தட்டைக் கிளறினார். கண் இருந்தது, கை கால் இருந்தது.

"ஈரல் இல்லைப் பிள்ளை. வயிறு கொண்டுபோமன்."

அம்மா குனிந்து, தலை முதல் கால் வரை முழுதாக இருந்த ஒரு பெண் உருவை எடுத்தார். விரலளவுதான் இருக்கும்.

"அம்மா, ஈரலில மட்டுந்தானே..."

"படத்தை நானும் பாத்தனான். கதையாமல் வா."

உடம்பு முழுவதையும் சேர்த்து வேண்டப் போகிறார் என்று நினைத்தேன். வேண்டட்டும், இனி வேறென்ன இருக்கிறது என்று பின்னால் போனேன்.

ஐயர் உருவைத் தட்டில் வாங்கிக்கொண்டு, யாருடைய பெயருக்கு என்று கேட்டார்.

அம்மா என் பெயரையும் என் நட்சத்திரத்தையும் சொன்னார்.