பினாங்குக்குப் போக மறுத்த கடிதம்

பதருன்னிசாவின் பிடிவாதத்தை நிறுத்துப் பார்க்க மண்டித் தராசு போதாது. கயத்தாறுக்குக் கொண்டுபோய் லாரி எடைமேடையில்தான் ஏற்ற வேண்டும். மிகையாகச் சொல்கிறேன் என்பீர்கள். நடந்ததைக் கேளுங்கள்.

விளாத்திகுளம் பக்கத்து மிளகாய் வற்றலை வாங்கி வெளியூருக்கு அனுப்புகிற மண்டி அவருடையது, கோவில்பட்டியில். பினாங்கில் ஒரு மசாலா கம்பெனி விலைப்பட்டியல் கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமை, நம் நேரம் மாலை ஐந்துக்குள், மின்னஞ்சலில் வர வேண்டும். போன வருடமும் கேட்டார்கள். இவர் அனுப்பிய இரண்டு மின்னஞ்சலும் அவர்களுடைய குப்பைப் பெட்டியில் விழுந்தன. வாய்ப்பு வேறொருவருக்குப் போனது.

கடைப் பெயரில் வரும் கடிதம் கடைக்காரர் அனுப்பியதுதானா என்பதற்குச் சான்று இல்லை, அதுதான் காரணம். அந்தச் சான்றுக்காக மின்னஞ்சல் சேவைக்காரர்கள் மூன்று வரிகள் கொடுத்தார்கள். கடையின் இணையப் பெயரை விற்றவர்களின் இணையப் பக்கத்தில், டிஎன்எஸ் என்கிற இடத்தில் அவற்றைப் பதிய வேண்டும். உலகமே படித்துப் பார்க்கக்கூடிய அறிவிப்பு அது.

செவ்வாய்க்கிழமை காலை பதிந்தார். புதன்கிழமை சேவைக்காரர்களின் திரை ‘சரிபார்க்கப்படவில்லை’ என்றது. வியாழனும் அதே பாட்டு.

பக்கத்துக் கடை தீப்பெட்டி வியாபாரி சண்முகராஜ் எட்டிப் பார்த்தார்.

“என்ன தங்கச்சி, மூணு நாளா அந்தப் பொட்டியையே முறைக்கிய? பயந்துரப் போவுது.”

“பயப்படட்டும் அண்ணாச்சி. நான் விடப் போறதில்ல.”

“படிச்ச ஆளு யாரையாவது கூப்பிட வேண்டியதுதான?”

“அப்ப நான் படிச்ச பிகாம எலியா தின்னுட்டு?”

உதவி எண்ணுக்குப் போன் போட்டார். காத்திருக்கச் சொல்லி இசை போட்டார்கள். அந்த இசை முடிவதற்குள் கரிசலில் ஒரு போகம் மிளகாய் பூத்துக் காய்த்துப் பழுத்துவிட்டது, நம்புகிறவர்கள் நம்பலாம். கடைசியில் ஒரு குரல், “நாற்பத்தெட்டு மணி நேரம் பொறுங்கள்” என்றது. அது அன்று காலையே கடந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை, தான் ஒட்டிய அறிவிப்பு வெளியே எப்படித் தெரிகிறது என்று தேடிக் காட்டும் பக்கம் ஒன்றைத் திறந்தார். கடையின் இணையப் பெயர் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு முறை நின்றது.

மண்டிக்காரர் கைப்பழக்கம்! மூட்டைக்குக் கடைப் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் முழுசாக மார்க் போட வேண்டும்; அரைகுறை மார்க் என்றால் லாரி மாறிப் போய்விடும். அதே கையோடு ‘பெயர்’ என்ற கட்டத்திலும் முழு இணையப் பெயரை எழுதியிருக்கிறார். பெயர் விற்றவர்களின் பக்கமோ கடைசியில் அதைத் தானாகவே ஒட்டிக்கொள்ளும். ஆக, இல்லாத ஒரு வீட்டுச் சுவரில் அந்த அறிவிப்பு மூன்று நாளாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, ஒரு மூட்டைக்கு ரெண்டு மார்க் போட்டுட்டேன்!”

“அட, லாரி எங்க போச்சு?”

“எங்கயும் போவல. அதான் சங்கதி.”

மூன்று வரிகளிலும் தான் எழுதிய இணையப் பெயர் என்ற வாலை வெட்டினார். சோறு வந்தது, ஆறியது. இரண்டு மணிக்கு இரண்டு வரிகள் சரிபார்க்கப்பட்டுப் பச்சையாயின. மூன்றாவது நாலேகாலுக்கு. முதலில் தன் சொந்த முகவரிக்கே ஒன்று அனுப்பிப் பார்த்தார். குப்பைக்குப் போகாமல் நேராக வந்தது. நாலரைக்கு விலைப்பட்டியல் பினாங்குக்குப் புறப்பட்டது.

ஐந்தேகாலுக்குப் பதில்: கிடைத்தது. நாளைக்கே பத்து கிலோ மாதிரி அனுப்ப முடியுமா?

“நாளைக்கா? எப்படி முடியும்?” என்றார் சண்முகராஜ்.

பதருன்னிசா அதற்குள் வற்றலைப் புடைக்க உட்கார்ந்துவிட்டார்.

“பேசிட்டு நிக்காம அந்தச் சாக்க விரிச்சுப் பிடிங்க அண்ணாச்சி.”