அன்பரசி போட்ட எட்டு

பாப்பிரெட்டிப்பட்டி மெதடிஸ்ட் சபையில் சனிக்கிழமை சாயங்காலம் பெண்களுக்கு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ஒவ்வொருவராக லைசென்ஸ் வாங்கி, வண்டி வாங்கி, தேவையில்லாத இடத்திலும் ஹார்ன் அடித்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். கற்றுக்கொடுக்கிற அன்பரசி மட்டும் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகிறார்.

காரணம் சாதாரணமானதுதான். அன்பரசிக்கு லைசென்ஸ் கிடையாது.

சபையார் மேல் பழி சொல்ல முடியாது. ஊருக்கு உபயோகமாக ஏதாவது செய்யவேண்டும் என்று அவர்கள் ரொம்ப காலமாகவே துடித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு வைத்தார்கள். மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் போதகரின் மனைவி. அப்புறம் கம்ப்யூட்டர் வகுப்பு. கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது, வாத்தியார் வந்து சேரவில்லை. மனம் நொந்த போதகர், மாதர் சங்கக் கூட்டத்தில் வாய்விட்டே கேட்டார்: "இந்த ஊர்ப் பெண்களுக்கு உண்மையில என்னதாம்மா தேவை?"

"ஜெபம்" என்றார்கள் எல்லோரும். கேட்டவர் போதகராயிற்றே.

"வண்டிங்க ஐயா" என்றார் அன்பரசி. "கடைசி பஸ்ஸ விட்டுட்டா யாராச்சும் ஒரு ஆம்பள வந்து கூட்டிட்டுப் போவணும். கூப்புட்ட நேரத்துக்கு எந்த ஆம்பள வரானுங்க?"

அங்கிருந்த ஒரே ஆண் போதகர்தான். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

அன்பரசி பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். நாற்பத்தேழு வயது. கணவர் சென்றாயன் லாரி டிரைவர். இரும்பு ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாயில் கியர் மாற்றி மாற்றி இறங்குகிற ஆள். அவரிடம் ஸ்கூட்டி கற்றுக்கொடுக்கச் சொன்னபோது, "சும்மா கெட" என்று அன்பாக மறுத்துவிட்டார். எனவே அன்பரசி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் சபைக்கு விட்டுப்போன பழைய ஸ்கூட்டியை எடுத்து, சபை மைதானத்தின் நாலு சுவரிலும் மோதித் தானே கற்றுக்கொண்டார். சுவர்கள் இன்றும் சாட்சி சொல்லும்.

பிறகு வகுப்பு. தரையில் சுண்ணாம்புத் தூளால் பெரிதாக ஒரு எட்டு. அந்த எட்டுக்குள்தான் வீடு வீடாக நைட்டி விற்கும் அமீருன்னிசாவும், சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகும் செல்லம்மாளும் சுற்றினார்கள். வண்டியைக் கிளப்பும்போது ஒருவர் "பிஸ்மில்லா" என்பார், ஒருவர் "முருகா" என்பார், அன்பரசி "கர்த்தாவே" என்பார். விழும்போது மூவரும் "ஐயோ" என்பார்கள். சர்வமத ஒற்றுமை பற்றிப் பேசக் கூட்டம் போடுகிறவர்கள் ஒரு சனிக்கிழமை வந்து பார்த்திருக்கலாம்.

அன்பரசியின் வாய் மட்டும் ஓயவே ஓயாது. "முட்டிய உள்ள வைடி! தரைல என்ன தங்கமா கெடக்குது, குனிஞ்சு பாக்கற? அடுத்த வளைவப் பாரு!" இந்தத் திட்டில் ஆறு பேர் முதல் தடவையே லைசென்ஸ் வாங்கிவிட்டார்கள். அன்பரசியோ மூன்று தடவை போய் மூன்று தடவையும் தோற்றார். ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் பேசாமல் நின்று பார்ப்பார். அவ்வளவுதான், இரண்டாவது வளைவில் அன்பரசியின் இடது கால் கேட்காமலே தரைக்குப் போய்விடும். தரையில் கால் பட்டால் பரீட்சை முடிந்தது.

இந்த ரகசியம் சபைச் செயலாளர் மாதவராஜுக்கு எப்படித் தெரிந்ததோ தெரியாது. அவர் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்; அதிகாரம் மட்டும் இன்னும் பணியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகும்போது பளபளக்கும் செருப்பில் சுண்ணாம்பு ஒட்டுவதில் அவருக்கு ஏற்கெனவே வருத்தம்.

கமிட்டிக் கூட்டத்தில் கையை நீட்டினார். "டீச்சரம்மா, உங்க லைசென்ஸக் கொஞ்சம் காட்டுங்க."

"எல்.எல்.ஆர். இருக்குதுங்க."

"அது கத்துக்கறவங்களுக்குங்க. நீங்க கத்துக்குடுக்கறவங்க. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா சபை பேர்தானுங்களே கெடும்?"

மாதவராஜ் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அன்பரசிக்கு எரிச்சல். போதகரும் தலையைச் சொறிந்துவிட்டு, "அறுப்பின் பண்டிகைக்குள்ள வாங்கிடுங்கம்மா. இல்லன்னா வகுப்ப நிறுத்தறதத் தவிர வேற வழியில்ல" என்றார்.

வகுப்பு நின்றால் காவேரி நிற்பாள். இப்போது எட்டுப் போடப் பழகிக்கொண்டிருக்கும் சித்தேரி மலை அடிவாரத்துப் பெண். தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. வேலை முடிகிற நேரத்துக்கு அவள் ஊருக்கு பஸ் கிடையாது. "வண்டி ஓட்டத் தெரிஞ்சதும் சேந்துக்கறேன்" என்று சொல்லி வைத்திருந்தாள். ஆஸ்பத்திரி எத்தனை நாள் காத்திருக்கும்? அன்பரசிக்கு அந்த வாரம் சத்துணவு முட்டையை எண்ணும்போதுகூட கணக்குத் தப்பியது.

"தொப்பூர்ல பதினாறு சக்கரத்த எறக்கறேன் நானு. நீ ரெண்டு சக்கரத்தத் திருப்ப மாட்டேங்கற" என்றார் சென்றாயன், சோற்றைப் பிசைந்தபடி.

"உன்னைய எவனாச்சும் கண்ணு கொட்டாமப் பாத்துட்டு நிக்கறானா?"

"போலீஸ் நிக்கறான்."

"அவன் கண்ணு உன்மேலயா இருக்குது?"

சென்றாயன் குழம்புச் சட்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

பரீட்சை நாளன்று அன்பரசி, அமீருன்னிசாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனார். பின்னாலேயே ஐந்து ஸ்கூட்டிகள் வந்தன. பழைய மாணவிகள் ஒருவர் பாக்கியில்லை. வழியில் அமீருன்னிசா தலையைத் திருப்பாமலே சொன்னாள்: "அக்கா, நம்ம மைதானத்துல நீங்க ஓட்டிக் காட்டறப்ப ஒருநாளும் காலு கீழ போனதில்ல. ஏன் தெரியுமா? உங்க வாயி மூடினதில்ல. அங்கயும் திட்டுங்க."

"யாரடி திட்டறது, இன்ஸ்பெக்டரயா?"

"அல்லாவே! உங்களத்தான் நீங்க திட்டிக்கணும்."

மைதானத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்தார். "என்னம்மா, ஊர்வலமா?"

"எங்க டீச்சருக்குப் பரீட்சைங்க சார்" என்றாள் செல்லம்மாள்.

"அப்ப நீங்கல்லாம்?"

"நாங்கல்லாம் பாஸுங்க சார்."

இன்ஸ்பெக்டர் இன்னொரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டார். பிறகு வழக்கம்போல் பேசாமல் நின்றார்.

அன்பரசி வண்டியைக் கிளப்பினார். முதல் வளைவு முடிந்தது. இரண்டாவது வந்தது. இடது பாதம் மெல்லத் துடித்தது.

"முட்டிய உள்ள வைடி அன்பரசி!" என்றது ஒரு குரல். மைதானமே திரும்பியது. "அங்க என்னடி பார்வ? கழுத்தத் திருப்பு! கழுத கூட இதவிட நல்லாத் திரும்பும்! பிரேக்க விடு... மெல்ல... ஆங்!"

"யாரும்மா அது பேசறது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நாந்தானுங்க சார்!" என்றார் அன்பரசி, வளைந்துகொண்டே.

"யாருகிட்ட?"

"என்கிட்டதானுங்க சார்!"

இன்ஸ்பெக்டருக்கு விதிமுறை முழுக்க மனப்பாடம். அதில் இதற்குத் தடை எதுவும் ஞாபகம் வரவில்லை. "போன்ல பேசாதவரைக்கும் சரிதான்" என்றார்.

கால் தரையில் படவில்லை. எட்டு முழுதாக முடிந்து வண்டி நின்றபோது, ஆறு பெண்களும் எழுப்பிய சத்தத்தில் பக்கத்து டீக்கடைக்காரர் வெளியே ஓடிவந்தார். "எங்க டீச்சருங்க! பாஸாயிட்டாங்க!" என்று செல்லம்மாள் அவரிடம் சொன்னாள், பெற்ற மகள் கலெக்டரானதுபோல. அன்பரசி ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. உள்ளே முகம் சிரித்துக்கொண்டிருந்தது; டீச்சர் அப்படிச் சிரித்து மாணவிகள் பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம்.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தைய கமிட்டிக் கூட்டத்தில் மாதவராஜ் அந்த லைசென்ஸ் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார். பிறகு எழுந்து, இந்த வகுப்பு மாவட்டத்துக்கே முன்மாதிரி என்றும், இப்படி ஒரு யோசனை இந்தச் சபைக்கு உதித்தது சபையின் பாக்கியம் என்றும் பேசினார். அந்த 'சபை' என்கிற சொல்லில் மாதவராஜ் மட்டும் சற்று அதிகமாகத் தெரிந்தார். போகட்டும். வகுப்பு தொடரும் என்று தீர்மானம் ஆயிற்று. காவேரி தை மாதத்தில் வேலையில் சேரப் போவதாக ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டாள்.

"வேற ஏதாச்சும் உண்டுங்களா?" என்று கேட்டார் போதகர், முடிவு ஜெபத்துக்குக் கண்களைப் பாதி மூடியபடி.

"ஒண்ணே ஒண்ணுங்க ஐயா" என்றார் அன்பரசி. "அடுத்தது காரு கத்துக்குடுக்கலாமுன்னு இருக்கேன். கத்துக்க நானும் அமீருன்னிசாவும் ரெடி. காருதான் இல்ல."

சபையில் கார் வைத்திருப்பவர் ஒரே ஒருவர்தான். எல்லாக் கண்களும் மாதவராஜ் பக்கம் திரும்பின. மாதவராஜ் கார் சாவி இருந்த சட்டைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஐயா, ஜெபிக்கலாமுங்களா?" என்றார்.