பந்தலடியில் பிறந்த உதை விதிகள்

ராயப்பன்பட்டி இவாஞ்சலின் உதைக்கப் பழகியது திராட்சைப் பந்தலுக்கு அடியில். ஆசான் என்று யாரும் இல்லை. கைபேசியில் காணொளிகளைப் பார்த்து, கொடிகளைக் கவாத்து செய்து வெட்டிவிட்ட தோட்டத்தில், கல்தூண்களுக்கு நடுவே தானாகவே பல ஆண்டுகள் பழகினாள்.

அவளுடைய சித்தப்பா மகன் ஆல்பர்ட் உத்தமபாளையத்தில் கணினி மையம் நடத்துகிறவன். அவன் ஒரு பகடை விளையாட்டை உருவாக்கினான். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரராகி, தாம் செய்வதைச் சொல்வார்கள். அது பலித்ததா என்பதைப் பகடை முடிவு செய்யும். வாளுக்கும் வில்லுக்கும் விரிவான விதிகள் இருந்தன. உதைக்கு ஒரே வரிதான்: "உதைத்தால் இரண்டு புள்ளி."

இவாஞ்சலினுக்கு அது பொறுக்கவில்லை. முன்னுதை எதிராளியைத் தள்ளி நிறுத்தும். பக்க உதைக்கு வலு அதிகம். ஆனால் காலை மீட்கத் தாமதமாகும். சுழலுதை தவறினால் முதுகைக் காட்ட நேரிடும். ஒவ்வொன்றையும் தன் உடம்பிலேயே சோதித்து, விதியாக்கிக் கொடுத்தாள்.

புத்தகம் அச்சாகி வந்தபோது, "உதை விதிகள்: ஆல்பர்ட்" என்றிருந்தது.

"நம்ம குடும்பத்துக்குள்ள என்னக்கா உன் பேரு, என் பேரு?" என்றான் அவன்.

இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகுமுன் பெரியகுளத்தில் அந்த விளையாட்டை ஆடிப் பார்க்க ஒரு கூட்டம் ஏற்பாடாயிற்று. கதை சொன்னவன் ஆல்பர்ட். அதிலாவது தன் பெயர் இடம்பெற வேண்டும் என்று, பழைய வரைவுகளையும் குறுஞ்செய்தி நகல்களையும் பையில் அடுக்கிக்கொண்டு இவாஞ்சலினும் பஸ் ஏறினாள்.

தோட்டக்கலைக் கல்லூரி மாணவி ஓவியாவின் வீரன், கதையில் வந்த பொட்டல் வெளியில் எதிரியை நோக்கிக் குதித்து உதைத்தான். பகடை கைவிட்டது.

ஆல்பர்ட் விதியைப் படித்தான். "குதியுதை தவறினா, உதைச்சவன் தலைக்கே மூணு புள்ளி அடி."

"எதுல சார் இடிச்சான்? மேல வானந்தான இருக்கு?"

"அது... காத்தோட வேகம்."

"அப்ப ஹெல்மெட் மாட்டிக்கிட்டுத்தான் உதைக்கணும் போல!" என்றார் பக்கத்தில் இருந்த முத்துப்பாண்டி. கூடமே சிரித்தது.

"அச்சுப் பிழை. எடுத்துருவோம்" என்றான் ஆல்பர்ட்.

இவாஞ்சலினுக்கு அப்போதுதான் உறைத்தது. அது பந்தல் கம்பி. குதித்தபோதெல்லாம் தலையில் இடித்ததால், அதை அந்த உதையின் குணம் என்றே அவள் எண்ணிவிட்டாள். பேசாமல் இருந்தால் சிரிப்பு ஆல்பர்ட்டோடு போய்விடும். விதிகளும் அவனுடையவையாகவே நிலைத்துவிடும்.

எழுந்து நின்றாள். "அச்சுப் பிழை இல்லை, என் பிழை. நான் பழகினது திராட்சைப் பந்தலுக்குக் கீழ. தலையில இடிச்சது கம்பி. தலை உயரத்துக்கு உதைச்சா காலும் கம்பியில மாட்டும்; அந்த உதைக்குப் புள்ளியைக் குறைச்சு வச்சதும் அதனாலதான்."

மீண்டும் சிரிப்பு எழுந்தது. இம்முறை அது அவளைப் பார்த்து.

முத்துப்பாண்டி ஆல்பர்ட் பக்கம் திரும்பினார். "அப்ப சாரு எந்தப் பந்தல்ல பழகினாக?"

ஆல்பர்ட் பகடையை உருட்டிக்கொண்டே இருந்தான். "அக்கா, வீட்டுல போய்ப் பேசிக்கிருவமே."

"ஏலே, இங்கனயே பேசுவோம்."

"...உன் பேரையே போட்டுருவோம்க்கா."

"போடு. முதல்ல விதியைத் திருத்தித் தாரேன்."

பையைத் திறக்கத் தேவையே வரவில்லை. வெளியே மைதானத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதித்து உதைத்தாள். மேலே எதுவுமில்லை; ஆனாலும் கழுத்து தானாகக் குனிந்தது.

"அக்கா, குனியாதீக!" என்றாள் ஓவியா.

இவாஞ்சலின் மறுபடியும் குதித்தாள்.